பேச முடியாத அம்மா பேசியதாக ஒரு கேர் பிளான்

போன வருஷம் மாசி கடைசி. வேலூர் வெயில் பங்குனிக்கெல்லாம் காத்திருக்காமல் வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவிகளின் கேர் பிளான்களை, அதாவது ஒரு நோயாளிக்கு என்ன பராமரிப்பு, ஏன் என்று கட்டம் போட்டு எழுதும் திட்டங்களை, திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் சப்ஜெக்டிவ் டேட்டா, அதாவது நோயாளி தன் வாயால் சொன்னதை எழுதவேண்டிய கட்டத்தில், மேற்கோள் குறிக்குள் மூன்று வாக்கியங்கள் இருந்தன. பிசிறில்லாத ஆங்கிலம். பயமாக இருக்கிறது, வலி பத்துக்கு ஆறு இருக்கும், இரவில் தூக்கம் வருவதில்லை என்று நோயாளி சொன்னாராம்.

அந்த நோயாளியை அன்று காலைதான் ஐசியூவில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சிற்றூர்க்காரர், நடுத்தர வயது. (ஊர், வயது, நாள் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.) தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரைக் கட்டு விரியன் கடித்திருக்கிறது. கட்டு விரியன் கடித்தால் பல பேருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியற்காலையில் வயிற்றை வலிக்கும். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகளே படுத்துவிடும். விஷமுறிவு மருந்து போட்டாலும் நரம்பு முனையில் ஏற்கெனவே ஆன சேதத்தை அது திருப்பித் தராது; தானாகச் சரியாகும்வரை வென்டிலேட்டர்தான் மூச்சு. இவருக்கு நாள் நீண்டுபோனதால் தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்திருந்தார்கள். இமை மெல்லத் திறக்க ஆரம்பித்திருந்தது, விரல்கள் அசைந்தன. பேச்சு மட்டும் சுத்தமாக முடியாது. காற்று குரல்வளைப் பக்கமே போவதில்லையே.

நோட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

"அந்தம்மா எப்படிம்மா உன்கிட்ட இதையெல்லாம் சொன்னாங்க?"

தரையைப் பார்த்தாள். போனில் ஏஐ செயலியிடம் கேட்டு எழுதியதாக ஒப்புக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. கட்டு விரியன் கடி, கேர் பிளான் வேண்டும் என்று தட்டியிருக்கிறாள். அது முழு அட்டவணையையும் போட்டுக் கொடுத்துவிட்டது, நோயாளியின் வாய்ச்சொல் உட்பட.

"எதுக்கு இப்படி? காலியா விட வேண்டியதுதானே?"

"சப்ஜெக்டிவ் டேட்டா காலியா விட்டா ரெண்டு மார்க் குறைப்பீங்க மேடம்."

ஆமாம், குறைப்பேன். பத்தொன்பது வருஷமாகக் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் படிப்பில் முதல் வருஷத்திலேயே காதில் போடுகிற ஒரு வாக்கியம் உண்டு: எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம். இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தாயா? சார்ட்டில் எழுது. எழுதாவிட்டால், நாளைக்குப் படுக்கைப் புண் வந்து கேள்வி வரும்போது நீ செய்யவே இல்லை என்றுதான் ஆகும். நல்ல பாடம்தான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதை நாங்கள் யாரும் வகுப்பில் சொல்வதில்லை. எழுதிவிட்டால் போதும், செய்ததாக ஆகிவிடும். வார்டில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் வார்டு முழுக்க இருபது, இருபது, இருபது என்றே இருக்கும். ஒரு நிமிடம் நின்று மார்பு ஏறி இறங்குவதை எண்ண யாருக்கு நேரம்? நானும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலத்தில் அந்த இருபதை எழுதியிருக்கிறேன்.

கேர் பிளானும் அப்படித்தான். நான் படித்தபோது சீனியர் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டு கைமாறிக் கைமாறி வரும். நல்ல கையெழுத்து உள்ள சீனியர் கோர்ஸ் முடித்துப் போனால் ஹாஸ்டலில் அவர் பெட்டிக்கு வராத மவுசு அவர் நோட்டுக்கு வரும். நிமோனியா என்றால் நிமோனியா நோட்டு, சர்க்கரை என்றால் சர்க்கரை நோட்டு. ஒருமுறை என் தோழி ஒருத்தி ஆண் நோயாளிக்கு எழுதிய கேர் பிளானில் மாதவிடாய் விவரத்தையும் அப்படியே இறக்கிவிட்டாள். ஆசிரியை கவனிக்கவில்லை, டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்த நோட்டைப் பல வருஷம் வைத்திருந்து சிரித்தோம்.

அதனால் செயற்கை நுண்ணறிவு வந்துதான் மாணவிகள் பொய் எழுதக் கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது கருத்தரங்கில் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சீனியர் நோட்டு ஒரு காலத்தில் யாரோ ஒரு நிஜ நோயாளியைப் பார்த்து எழுதியது. அதைக் காப்பியடித்தால் ஆண் நோயாளிக்கு மாதவிடாய் வந்து, எங்காவது இடித்துக்கொண்டு நிற்கும், கண்டுபிடிக்கலாம். இந்தச் செயலி அப்படி இடிக்காமல் எழுதுகிறது. நோயாளியின் வயது, நோய், பாலினம் எல்லாம் பொருந்தும். பயம், வலி, தூக்கமின்மை என்று எந்த ஐசியூ நோயாளிக்கும் இருக்கக்கூடியதாகவே இருக்கும். பொய் என்று தெரிய ஒரே வழி, அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நிற்பதுதான்.

இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி பாடத்திட்டத்தைத் திருத்தி செமஸ்டர் முறைக்குக் கொண்டுவந்தது 2021-ல். தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே அதில் ஒரு பாடம் உண்டு. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் கடைசியில். பாடப்புத்தகத்தின் மை காய்வதற்குள் உலகம் மாறிவிட்டது. இந்த ஊரில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1909-ல். 1946-லேயே இங்கே சிஎம்சியில் நர்சிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது, நாட்டிலேயே முதலில் வந்த இரண்டில் ஒன்று. நூறு வருஷத்துக்கு மேலாக நர்ஸ் உருவாக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, போனை வகுப்புக்குள் விடலாமா கூடாதா என்பதற்கு மேல் எங்கள் கூட்டங்கள் நகரவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மாணவர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது நியாயமில்லை.

போன செமஸ்டரில் வகுப்புத் தேர்வுக்கு மருந்துக் கணக்கில் இருபது ஒரு மதிப்பெண் கேள்விகள் தேவைப்பட்டன. இரவு பத்தரை மணி. மறுநாள் காலை தேர்வு. செயலியிடம் கேட்டேன், அரை நிமிடத்தில் கொடுத்தது, விடையோடு. மேலோட்டமாகப் பார்த்தேன், அச்சடித்தேன். அதில் ஒரு கேள்வி, 10 யூனிட் இன்சுலின் எத்தனை மில்லி? விடை 0.1 என்று இருந்தது.

தாள் திருத்திக் கொடுத்த அன்று ஒரு பையன் எழுந்து நின்றான். எங்கள் வகுப்பில் ஆண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டார்கள். "மேடம், 0.25 தானே வரும்? எங்கம்மாவுக்கு நான்தான் தினம் போடறேன். பாட்டில்ல 40-ன்னு போட்டிருக்கும், சிவப்பு மூடி சிரிஞ்சு."

வகுப்பே என்னைப் பார்த்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்றே சிவப்பு மூடி சிரிஞ்சு. அமெரிக்காவில் வழக்கமாகப் புழங்குவது ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. இங்கேயும் பேனா இன்சுலின் 100 யூனிட்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் வெறும் கணக்குப் பிழையோடு முடியாது. 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். மாற்றிச் செய்தால் பாதி மருந்துகூடப் போகாது. செயலி பொய் சொல்லவில்லை. அது கற்றுக்கொண்டதில் அமெரிக்க எழுத்து நிறைய, அமெரிக்கக் குப்பிக்கு அது சரியான விடை. பத்தரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான்தான் என் ஊர்க் குப்பியை மறந்துபோனேன். மெஷின் சொன்னதால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடும் இந்தச் சாய்வைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலே எச்சரிக்கிறது. அதை நான் வகுப்பில் எடுத்தும் இருக்கிறேன். எடுத்து என்ன?

அந்தப் பாம்புக்கடி கேர் பிளானையும் அதற்கப்புறம் மறுபடி எடுத்து நிதானமாகப் படித்தேன். வீட்டில் அவசரம் என்றால் 911-ஐ அழைக்கச் சொல்லி நோயாளிக்கு அறிவுறுத்த வேண்டுமாம். ஜவ்வாது மலை அடிவாரத்தில்! நமக்கு 108. இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. சிரிக்க முடியாதது வேறு. விஷமுறிவு மருந்து என்று அமெரிக்காவில் வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கும் பாம்பு ஒன்று உண்டே, அதற்கான மருந்தின் பெயரை எழுதியிருந்தது. நம்மிடம் இருப்பது நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்து. இன்னொன்று, நம் வார்டுகளில் பாம்புக்கடி என்று வந்ததும் முதலில் செய்கிற 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தில் வேலையைக் காட்டுகிறது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, கண்ணாடியே வேண்டும். செலவில்லாத சோதனை. மின்சாரம் போன ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். நாளைக்கு இந்தப் பெண் ஒடுகத்தூர் பக்கமோ அணைக்கட்டுப் பக்கமோ இரவு ட்யூட்டியில் தனியாக இருக்கும்போது அவளுக்குத் தேவைப்படப் போவது அந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

சரி, தப்பான விடையைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத ஒன்று இருக்கிறது. எனக்கு உண்மையில் தூக்கம் கெட்டது அதில்தான்.

வேறொரு மாணவி, வேறொரு வார்டு. கேஸ் ஷீட்டைப் போனில் படம் பிடித்துச் செயலியில் ஏற்றி, சுருக்கித் தரச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் கையெழுத்து புரியவில்லையாம், அது படித்துச் சொல்லிவிடுகிறதாம். (பாவம், எனக்கும் புரியாது.) கேட்டதற்கு, "பேர் மேல விரலை வச்சிக்கிட்டுதான் மேடம் எடுத்தேன்" என்றாள். படத்தை வாங்கிப் பார்த்தேன். பெயரை விரல் மறைத்திருந்தது. ஆஸ்பத்திரி எண் தெரிந்தது. ஊர் தெரிந்தது. செய்கிற வேலை தெரிந்தது. பரிசோதனை முடிவும் தெரிந்தது, அது வெளியே சொல்லக் கூடாத முடிவு.

நம் பக்கத்து ஊர்களில் ஆளை அடையாளம் காண்பதற்குப் பெயர் தேவையே இல்லை. இன்ன தெரு, தோல் ஷெட்டில் வேலை, இரண்டு வருஷம் முன்னால் மனைவி தவறிப்போனார் என்று சொன்னால் போதும், டீக்கடையில் மீதியைச் சொல்லிவிடுவார்கள். மேலே நான் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவதும் இதனால்தான்.

எச்ஐவி விஷயத்தில் வேலூருக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1986-ல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுவரப்பட்டுத்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவுக்குள் அந்தக் கிருமி வந்துவிட்டது என்று தெரிந்தது அப்படித்தான். ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒன்றைக் கேட்பேன்: கண்டுபிடித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும், அந்தப் பெண்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? தெரியாது. தெரியவும் கூடாது. 2017-ல் வந்த எச்ஐவி சட்டம், சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் தனியாக ஒரு சட்டமும் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், வார்டில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பழையது. லிஃப்டில் கேஸ் பேசாதே, கேன்டீனில் பேசாதே, வீட்டில் அம்மாவிடம்கூடப் பேசாதே. இந்தப் பெண் லிஃப்டில் பேச மாட்டாள், அவ்வளவு ஒழுங்கானவள். ஆனால் போனில் தட்டுவது பேச்சு என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிப்பதாகத்தான் நினைத்திருக்கிறாள். அந்தப் படம் எந்த ஊர் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்திருக்கிறதோ, அவளும் நானும் எத்தனை முறை அழித்தாலும் அங்கே அழிந்ததா என்று பார்க்க எங்களுக்கு வழியில்லை. அந்த நோயாளியிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று நானும் துறைத் தலைவியும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊர்ல யாருக்கும் தெரியாதில்ல சிஸ்டர்?"

தெரியாது என்றுதான் சொன்னோம். எந்த தைரியத்தில் சொன்னோம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும், தடை போட்டுவிடலாம் என்று சொன்ன சக ஆசிரியர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. காரணம் ஒரு முதலாமாண்டுப் பெண். குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளி, பன்னிரண்டு வரை தமிழ் வழி. இங்கே வந்து உடலியங்கியல் வகுப்பில் ஆங்கில மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். சந்தேகம் கேள் என்றால் கேட்க மாட்டாள்; கேள்வியையே ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே. மூன்று மாதம் கழித்து சிறுநீரகம் உப்பை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுத் தெளிவாகச் சொன்னாள். எங்கே படித்தாய் என்றேன். ராத்திரி அதனிடம் தமிழில் கேட்பாளாம். புரியவில்லை என்றால் மறுபடி கேட்பாளாம். "எத்தனை தடவை கேட்டாலும் அதுக்குக் கோவம் வராது மேடம்." எனக்குச் சுருக்கென்றது. என் கோபத்தைத்தான் சொன்னாளோ என்னவோ.

இதே பெண்ணின் கட்டுரையைத்தான் இன்னொரு ஆசிரியை ஏஐ கண்டுபிடிப்பான் ஒன்றில் போட்டு, மெஷின் எழுதியது என்று முடிவுகட்டிப் பூஜ்யம் போட்டார். அவள் எழுதிக் கிழித்த மூன்று வரைவுகளைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் மதிப்பெண் திரும்பியது. மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்பு, குறைந்த சொற்கள், பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே மாதிரி வரிகள். ஆங்கிலத்தைத் தாமதமாகக் கற்றவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், அந்தக் கருவிகளுக்கு மெஷினும் அப்படித்தான் தெரிகிறது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை மெஷின் எழுதியதாக அவை தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தன் கண்டுபிடிப்பானை அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதாது என்று திரும்பப் பெற்றுக்கொண்டது. மெஷினை நம்பாதே என்று மாணவியிடம் சொல்லிவிட்டு, அவள் திருடியா இல்லையா என்று இன்னொரு மெஷினிடம் கேட்கிறோம். குடியாத்தத்துப் பெண் மாட்டிக்கொள்கிறாள். சென்னையில் கான்வென்ட் படித்துவிட்டு வந்து, மெஷின் எழுதியதை நாலு இடம் மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவள் மாட்டுவதில்லை.

இப்போது என் போஸ்டிங்கில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். கேர் பிளானுக்கு முன்னால் படுக்கை. கால் மணி நேரம், போன் இல்லாமல். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையால் தொட்டது, ஐந்து வரி, தமிழிலேயே, அங்கேயே நின்று எழுத வேண்டும். அப்புறம் ஹாஸ்டலுக்குப் போய் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். கேட்டதை நோட்டின் கடைசியில் எழுதிவிடு. கேஸ் ஷீட் மட்டும் போனுக்குள் போகக் கூடாது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வும் படுக்கையோரமாகவே. பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் என்று கவுன்சில் விதி இருக்கிறது. எனக்கு அதைவிட அதிகம், ஆளுக்குக் கால் மணி என்றால் என் மதியச் சாப்பாடு மூன்றரைக்குப் போய்விடுகிறது. எத்தனை நாளைக்கு ஓடும் என்று பார்க்கலாம்.

சப்ஜெக்டிவ் டேட்டா காலியாக இருந்தால் மதிப்பெண் குறைப்பதை மட்டும் அன்றைக்கே விட்டுவிட்டேன். காலி ஏன் என்று ஒரு வரி இருந்தால் போதும்.

பாம்புக்கடி நோட்டுக்காரியை மறுநாள் அதே படுக்கைக்கு அனுப்பினேன். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புது கேர் பிளானில் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்: நோயாளி பேச இயலாது. என் உள்ளங்கையில் விரலால் 'மா' என்று எழுதினார். மாத்திரையா என்று கேட்டேன், கண்ணை மூடவில்லை. மாமியாரா என்று கேட்டேன், மூடவில்லை. மாடா என்று கேட்டேன், மூடினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

செய்தவை: பார்வையாளர் நேரத்தில் கணவரிடம் கேட்டேன். மாடு வேற யார் கை பட்டாலும் பால் உடாது, ஒதைக்குது, பக்கத்து வூட்டு ஆயா வந்து இப்போ கறக்கறாங்கன்னு சொன்னார். கன்று நல்லா இருக்கான்னும் கேட்டேன். ரெண்டையும் போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னேன்.

விளைவு: சாயங்காலம் போட்டோவைக் காட்டினேன். கட்டை விரலை உயர்த்தினார். நாடித்துடிப்பு 112-லிருந்து 94. மூச்சு எண்ணிக்கை, முழு நிமிடம் எண்ணியது, 23.

ரேஷனேல் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. எதற்காக இதைச் செய்தாய் என்பதற்கு ஏதாவது ஒரு பாடப்புத்தக வரி போட்டிருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.